சப்கொயரியால் வடிகட்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் (SQL), சராசரியைவிட விலை கூடிய பொருட்களை எடுக்க ‘வேர்’ (WHERE) நிபந்தனையிலேயே சராசரியை எழுதினால் பிழை வருகிறதே?

பதில்: அந்த நிபந்தனை ஒவ்வொரு பதிவாகச் சரிபார்க்கப்படுவதால், மொத்தத்துக்குமான சராசரி அந்தக் கட்டத்தில் கிடைக்காது. சராசரியைத் தரும் செலக்டை (தரவை எடுக்கும் வினவலை) அடைப்புக்குறிக்குள் தனியே எழுதி, அதன் விடையோடு விலையை ஒப்பிடுங்கள். இப்படி வினவலுக்குள் வரும் வினவலே சப்கொயரி.

கேள்வி: இதுவரை ஆர்டரே தராத வாடிக்கையாளர்களை ‘நாட் இன்’ (NOT IN, பட்டியலில் இல்லாதவை) கொண்டு தேடினேன். பலர் இருப்பது உறுதி. ஆனால் ஒரு பதிவும் வரவில்லை.

பதில்: ஆர்டர் அட்டவணையின் வாடிக்கையாளர் எண்ணில் எங்காவது ஒரு நல் (NULL) இருக்கும். 3, நல் ஆகிய இரண்டும் கொண்ட பட்டியலில் 5 இல்லையா என்று கேட்டால், 5 என்பது 3 அல்ல என்பது உண்மை. ஆனால் நல் என்பது மதிப்பு தெரியாத இடம் ஆகையால், அது 5 அல்ல என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. முழு விடையும் ‘தெரியாது’ என்றாகிவிடுகிறது. உண்மை என்று உறுதியான பதிவுகளை மட்டுமே ‘வேர்’ அனுமதிக்கும் என்பதால், ஒருவரும் தேறுவதில்லை. சப்கொயரிக்குள் ‘இஸ் நாட் நல்’ சேர்த்தாலும் சரியாகும். எனினும், பொருந்தும் பதிவு உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ முறையையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: ரத்துப்பட்டியலில் உள்ள ஆர்டர்களை மட்டும் நீக்க எழுதிய டெலீட், ஆர்டர் அட்டவணை முழுவதையும் காலி செய்துவிட்டது. சப்கொயரியில் குறிப்பிட்ட ‘ஆர்டர்_எண்’ ரத்துப்பட்டியலில் இல்லவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பிழைச்செய்தி ஏன் வரவில்லை?

பதில்: உள்ளே கிடைக்காத பெயரை வெளி வினவலின் அட்டவணையில் தேட வேண்டும் என்பது எஸ்கியூஎல்லின் விதி. அங்கே அப்பெயர் இருந்ததால், ஒவ்வோர் ஆர்டர் எண்ணும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டு, எல்லாமே பொருந்திவிட்டன. சப்கொயரிக்குள் வரும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் முன்னால் அதன் அட்டவணைப் பெயரைச் சேர்த்திருந்தால், வினவல் ஓடும் முன்பே பிழை காட்டியிருக்கும். டெலீட்டை ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி, நீங்கிய பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே கமிட் செய்து உறுதிப்படுத்துங்கள்; அதுவரை நீக்கத்தைத் திரும்பப் பெறலாம்.

கேள்வி: ‘இன்’ மெதுவானது, ‘எக்ஸிஸ்ட்ஸ்’ வேகமானது என்கிறார்களே?

பதில்: மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் 5.5 பதிப்பு வரை ‘இன்’ சப்கொயரி மெதுவாக இருந்தது உண்மை. வெளியிலுள்ள ஒவ்வொரு பதிவுக்கும் சப்கொயரி மீண்டும் மீண்டும் ஓடியது. 5.6 பதிப்பில் செமிஜாயின் (பொருந்தும் பதிவு உண்டா என்று மட்டும் பார்த்து அட்டவணைகளை இணைக்கும் முறை) வந்தபின் நிலைமை மாறிவிட்டது. வினவல் எப்படி ஓடும் என்று சொல்லும் எக்ஸ்பிளெயின் கட்டளை காட்டுவதை நம்புங்கள்.

கேள்வி: மைஎஸ்கியூஎல்லில் ‘இன்’ சப்கொயரிக்குள் லிமிட் (பதிவுகளின் எண்ணிக்கைக்கு வரம்பிடுவது) ஏற்கப்படவில்லை.

பதில்: அந்த வினவலை இன்னொரு செலக்டின் ‘ஃபிரம்’ பகுதிக்குள் வைத்து, அதற்கொரு மாற்றுப்பெயர் கொடுங்கள், ஏற்றுக்கொள்ளும்.