எச்பிவி தடுப்பூசி: நீங்கள் கேட்டவை

மகளுக்கு 11 வயது. இன்னும் பெரியவளாகவில்லை. பாலுறவால் பரவும் வைரஸுக்கு இப்போதே ஊசியா? மனசு கெட்டுப் போகாதா?

அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. தயக்கம் புரிகிறது. ஆனால் இந்த வயதைக் குறித்ததற்கும் மகளின் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற இந்த வைரஸ் உடலுக்குள் வருமுன் போட்டால்தான் முழுப் பலன். வந்துவிட்ட தொற்றை இந்த ஊசி விரட்டாது. தவிர, 9 முதல் 14 வயதுக்குள் உடல் எதிர்ப்புச் சக்தியை அமோகமாக உருவாக்குகிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதிலேயே தடுப்பூசி வழங்கப்பட்ட தலைமுறையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மகளிடம், "பின்னாளில் புற்றுநோய் வராமலிருக்க ஓர் ஊசி" என்றால் போதும். அதற்கு மேல் அவள் கேட்டால், மறைக்காமல் பேசுங்கள்.

இதைப் போட்டால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பொய். ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மரபுப்பொருளும் கிடையாது. வைரஸின் மேலுறையைப் போன்ற வெறும் புரதம்தான். 2006 முதல் கோடிக்கணக்கானோர் போட்டிருக்கிறார்கள். கருத்தரிப்பைக் கெடுத்ததற்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனால், புற்றுநோய் வந்து கருப்பையையே எடுக்க நேரும்போதுதான் தாய்மை பறிபோகிறது. கை வலி, லேசான காய்ச்சல் வரலாம். வளரிளம் பெண்கள் சிலர் ஊசி போட்டதும் மயங்கிச் சரிவதுண்டு. அதனால் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வைத்திருங்கள்.

எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். இனிமேல் போடலாமா?

போடலாம், ஆனால் சிறு வயதில் கிடைக்கும் அளவுக்குப் பலன் இருக்காது. உங்களுக்கு அதைவிட அவசரம் பரிசோதனை. பாப் ஸ்மியரோ (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) எச்பிவி பரிசோதனையோ, இதுவரை செய்ததில்லை என்றால் முதலில் அதற்கு நாள் குறியுங்கள். தொற்று புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். கர்ப்பமாக இருந்தால் ஊசியைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஊசி போட்டாச்சு. அப்புறம் எதற்குப் பரிசோதனை?

புற்றுநோய் உண்டாக்கும் எல்லா எச்பிவி வகைகளையும் ஊசி தடுப்பதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18ஆம் வகைகளைத் தடுக்கிறது. மீதிக்குப் பரிசோதனைதான் காவல்.

பையனுக்கும் தேவையா?

போடலாம். தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்கள் ஆண்களுக்கும் இதே வைரஸால் வருகின்றன. ஊசி கைக்கு எட்டுகிறதென்றால், அக்காவோடு தம்பியையும் அழைத்து வாருங்கள்.