இலை வேம்பு போல, பூ ஊதா: முற்றத்து மரம் எது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நிழலுக்காக முற்றத்தில் நட்ட மரம் வேம்பு போல இலைவிட்டு, ஊதாப் பூப் பூத்து, இப்போது குலைகுலையாக மஞ்சள் பழத்தோடு நிற்கிறது. பிள்ளைகள் பழத்தைப் பொறுக்கி விளையாடுகிறார்கள். இது மலைவேம்பு, மருந்து மரம் என்கிறா மாமி. சரியா? வெட்ட வேண்டுமா?"

ஊதாப் பூ என்றதிலேயே பாதி விடை வந்துவிட்டது. வேம்பின் பூ வெள்ளை. மீதியை இலையில் பாருங்கள். கிளையோடு ஒட்டும் இடத்திலிருந்து முழு இலையையும் ஒடித்தெடுங்கள். வேம்பென்றால் ஒரே ஈர்க்கு, அதன் இரு பக்கமும் சிற்றிலைகள். உங்கள் மரத்தில் அந்த ஈர்க்கே மறுபடி கிளைவிட்டு, அந்தக் கிளைகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். வேப்பம்பழம் நீளவாட்டு, இது உருண்டை, இலை கொட்டிய பிறகும் சுருங்கிக் குலையிலேயே தொங்கும். அப்படியென்றால் உங்களிடம் நிற்பது, தாவரவியலில் மீலியா அசெடராக் எனப்படும் மரம்.

மாமி சொன்ன பெயர் பிழையில்லை, இதையும் மலைவேம்பு என்பார்கள். பலகைக்கு வளர்க்கும் லுணுமிதெல்லவுக்கும் அதே பெயர்தான்; அதன் பழம் பெரிது, பூ வெளிர் நிறம். எனக்குப் பயமெல்லாம் பெயரிலுள்ள அந்த "வேம்பு"தான். அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலை தேடுகிற, வயிற்றுப் பூச்சிக்குக் கொழுந்து அரைத்துக் கொடுக்கிற ஊர் இது. தயவுசெய்து இந்த மரத்தில் கைவைத்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

நஞ்சு அதிகம் இருப்பது பழத்தில். மரத்துக்கு மரம் அதன் அளவு வேறுபடும் என்பதால், இத்தனை பழம் வரை பயமில்லை என்று கணக்குச் சொல்ல முடியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வரும். கடுமையானால் வலிப்பும் மூச்சுத்திணறலும். சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஆகவே பிள்ளை தின்றது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். பழத்தையும் ஓர் இலையையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பன்றியை இது மிக மோசமாகத் தாக்கும். நாய், ஆடு, மாட்டுக்கும் ஆகாது.

தவழும் பிள்ளை உள்ள வீடென்றால் நான் வெட்டத்தான் சொல்வேன். நிழல் போகிறதே என்று மனம் வராவிட்டால், காய் பச்சையாக இருக்கும்போதே குலைகளை வெட்டிப் புதையுங்கள், விழுந்ததை நாள்தோறும் கூட்டுங்கள். வெட்டுவதானால் அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள். விட்டுவைத்தால் துளிர்க்கும், வேரிலிருந்தும் கன்று வரும். பறவைகள் பழத்தைத் தின்று கொட்டையை எங்கெங்கோ போடும். அழகுக்கென்று கொண்டுபோன தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இப்படித்தான் பரவிக் களையாகிவிட்டது. மாரி மழைக்கு மண் இளகியதும் வேலியோரத்தையும் கிணற்றடியையும் ஒருமுறை பாருங்கள். முளைத்த கன்று அப்போது வேரோடு கையில் வந்துவிடும்.