சாம்பல் புகையாகத் தெரியும் ஓரியன் நெபுலா

சகோதரருக்கு வணக்கம். வாலிபர் கூட்டத்தில் ஓரியன் நெபுலா (ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள வாயு, தூசு மேகம்) வெறும் சாம்பல் புகையாகத் தெரிந்ததால் பிள்ளைகள் ஏமாந்ததாகவும், ஓரியனைக் குறிப்பிடும் யோபு 38:31-ஐ வைத்துப் பேசவிருந்த செய்தி அத்தோடு நின்றுபோனதாகவும் எழுதியிருந்தீர்கள். தொலைநோக்கியில் குறை இருக்காது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடுவதில்லை, அந்த வண்ணங்கள் நீண்டநேரம் ஒளி சேர்த்தெடுக்கும் புகைப்படங்களுக்கே உரியவை. அடுத்த முறை செல்பேசிகளை அணைக்கச் சொல்லி, 20 முதல் 30 நிமிடம் இருளிலேயே உட்காரவைத்து, பின்பு நெபுலாவை நேராகப் பார்க்காமல் சற்றே ஓரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள நான்கு சிறு விண்மீன்களைச் சுற்றி அந்தப் புகை சிறகுபோல் விரியும். காத்திருக்கும் நேரத்தில் 8-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசிக்கலாம் (டார்ச்சில் சிவப்புத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்). அவ்வொளி புறப்பட்டு 1,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதையும் உங்கள் செய்தியையும் எல்லாரும் பார்த்து முடித்த பிறகே சொல்லுங்கள்.