ஒரு கைப்பிடி பீங்கான் விதை

இன்றைய சீன, ஜப்பானியக் கலை உலகத்தை எப்படித் தொட்டது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, சீனக் கலைஞர் ஐ வெய்வெய் சூரியகாந்தி விதைகளைத் தரையில் கொட்டி வைத்தாராமே, அதுவும் கலையா?

பதில்: தம்பி, அதில் ஒன்றுகூட நிஜ விதை இல்லை, எல்லாம் பீங்கான்! 2010ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அவர் பரப்பியது சுமார் 10 கோடி விதைகள். அந்தக் காலத்தில் சீன அரண்மனைக்குப் பீங்கான் செய்து கொடுத்த ஜிங்தெஜென் ஊரில், சுமார் 1,600 கைவினைஞர்கள் செய்தவை. வார்த்து, சுட்டு, ஒவ்வொன்றிலும் தூரிகையால் சில கருங்கோடுகள் இழுத்திருக்கிறார்கள். எட்ட நின்றால் சாம்பல் நிறச் சரளை மாதிரி இருக்கும். கிட்டே குனிந்தால் ஒன்றில் இருக்கும் கோடு இன்னொன்றில் இருக்காது. மாவோவைச் சூரியனாகவும் மக்களை அவர் பக்கம் திரும்பும் சூரியகாந்திகளாகவும் காட்டிய காலத்தில் வளர்ந்தவர் ஐ வெய்வெய். அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு முகம் உண்டு என்று அவர் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. முதலில் விதைகள் மேல் நடக்க விட்டார்கள். பீங்கான் தூசி கிளம்பவே சில நாளில் நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: மேடம், இந்தச் சீன, ஜப்பானியக் கலைஞர்கள் மேற்கைப் பார்த்துச் செய்தவர்கள்தானே?

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தம் வரும். ஜப்பானில் குத்தாய் என்ற கலைஞர்கள் குழு 1954லேயே தொடங்கிவிட்டது. அதில் கசுவோ ஷிராகா கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி, காலால் வண்ணத்தை இழுத்து வரைவார். அட்சுகோ தனாகா 1956ல் மின்விளக்குகளையே உடையாக உடுத்திக்கொண்டு நின்றார். ஒரு நிகழ்வை நடத்திக் காட்டுவதையே கலையாக்கும் முறைக்கு அமெரிக்காவில் ‘ஹாப்பனிங்’ என்ற பெயரைப் பரப்பிய கலைஞர் ஆலன் காப்ரோ, 1966ல் தன் நூலில் குத்தாய்க்காரர்களுக்கும் இடம் கொடுத்தார். யார் யாரைப் பார்த்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: கைப்பைக்குப் படம் போட்ட ஜப்பானிய ஓவியர் முரகாமி வெறும் வியாபாரிதானே?

பதில்: இல்லை. லூயி விட்டான் என்ற ஆடம்பர நிறுவனத்துக்கு அவர் படம் போட்ட பைகள் வந்தது 2003ல். அதற்கு முன்பே நிஹோங்கா என்ற ஜப்பானிய மரபு ஓவியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர்.

கேள்வி: அக்கா, சீன எழுத்தே தெரியாத எனக்கு இதெல்லாம் புரியுமா?

பதில்: அப்போ சீனக் கலைஞர் ஷூ பிங்கிடமிருந்து தொடங்குங்கள். 1980களின் பிற்பகுதியில், சுமார் 4,000 எழுத்துகளைத் தானே உருவாக்கி மரக்கட்டையில் செதுக்கினார். பழைய முறையில் அச்சிட்டு, புத்தகங்களாகத் தைத்து, நீளச் சுருள்களாகக் கூரையிலிருந்தும் தொங்கவிட்டார். பார்க்க அசல் சீன எழுத்துதான். ஆனால் ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. சீனத்தைக் கரைத்துக் குடித்தவரும் நீங்களும் அதன் முன்னால் ஒன்றுதான்.