உடல் கடிகாரம்: கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. விடியற்காலையில் படிக்க எழுப்பினால் புத்தகத்தின் மேலேயே தலை சாய்கிறது. சோம்பேறித்தனமா, டாக்டர்?

பதில்: இல்லை அம்மா, தயவுசெய்து அந்தச் சொல்லை அவனிடம் சொல்லாதீர்கள். பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகச் சுரப்பதால் இரவில் சீக்கிரம் தூக்கம் பிடிக்காது. மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அந்தப் பிசகைத் தினமும் திருத்துவது காலை வெளிச்சம். அவனை மாலையில் படிக்க விடுங்கள். எழும் நேரத்தை மட்டும் விடுமுறையிலும் மாற்றாதீர்கள்.

கேள்வி: நான்கு மணிக்கு எழுந்து பழகுவது எப்படி?

பதில்: முதலில் ஒன்பது மணிக்குத் தூங்கிப் பழகுங்கள். எழும் நேரம் விடுமுறையிலும் மாறக்கூடாது.

கேள்வி: பசியோடு இருக்கும் நீதிபதி கடுமையாகத் தீர்ப்பளிப்பார் என்று படித்தேன். அப்படியானால் முக்கிய முடிவுகளைச் சாப்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டுமா?

பதில்: அது இஸ்ரேலில் பரோல் மனுக்களை வைத்துச் செய்த ஆய்வு, 2011-இல் வெளிவந்தது. இடைவேளை முடிந்ததும் சுமார் 65 சதவீதமாக இருந்த சாதகத் தீர்ப்புகள், அமர்வின் முடிவில் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கின. ஆனால் வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் எடுக்கப்பட்டன என்று அதே ஆண்டில் மறுப்பு வந்தது. அவர்களுடைய மனுக்கள் எப்போது வந்தாலும் தேறுவது அரிது. வரிசையின் குற்றத்தைப் பசியின் மேல் போடக்கூடாது.

கேள்வி: களைப்பு முடிவுகளைக் கெடுக்கும் என்பதே கட்டுக்கதை என்கிறீர்களா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. ஓர் ஆய்வு ஆட்டம் கண்டதால் களைப்பு பொய்யாகிவிடாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவரின் அளவுக்குச் சரிகிறது என்று 1997-இல் அளந்து காட்டினார்கள். ஒருமுறை இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒருவரின் பக்கத்தில் நின்றிருந்தேன். மணி நான்கு. ஒரே மருந்துச் சீட்டை மூன்று முறை படித்தார். விரல் எழுத்துகளின் கீழே நகர்ந்தது, மனதில் எதுவும் ஏறவில்லை. சட்டென்று நிறுத்தி, சக பணியாளரைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

கேள்வி: முடிவைத் தள்ளிப்போட்டால் வாய்ப்பு கைநழுவிவிடுமே?

பதில்: நான் கேட்பது ஒரே ஒரு இரவு. ராஜினாமா, பிரிவு, கடன் பத்திரம் எதுவானாலும் நள்ளிரவில் எழுதுங்கள்; காலையில் வெளிச்சத்தில் படித்த பிறகு அனுப்புங்கள்.

கேள்வி: வேலை மாற எந்த மாதம் நல்லது?

பதில்: அது என் துறை அல்ல. உங்கள் துறையில் ஆள் எடுப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: டாக்டர், நான்கு மணிக்கு எழ…

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மதியம் மூன்று மணிக்கு வரும் சோர்வுக்குக் காபி குடிக்கலாமா?

பதில்: சாப்பிடாவிட்டாலும் அந்தச் சோர்வு வரும், அது கடிகாரத்தின் இயல்பான இறக்கம். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குக் குடித்ததில் பாதி இரவு எட்டு மணிக்கும் உடலில் இருக்கும். இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள்.