பழைய லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டி: முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள், அப்புறம் வாங்குங்கள்

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கல்யாணம், காதுகுத்துக்கு போட்டோ எடுக்கிறேன். தஞ்சாவூரில் ரீஃபர்பிஷ்டு திங்க்பேட் டி480 ஒன்று வாங்கினேன். 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. முகூர்த்த மாதத்தில் மூன்று கல்யாணத்துக்கே நிரம்பிவிடுகிறது. இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்டி போடலாமா என்று கேட்டால், கடைக்காரர் 'இதில் இன்னொரு ஸ்லாட்டே கிடையாது, இருப்பதைக் கழற்றிவிட்டு 1 டிபி போடுங்கள்' என்கிறார். நண்பரோ 'உள்ளே ஒரு ஸ்லாட் சும்மாதான் கிடக்கிறது' என்கிறார். யாரை நம்புவது?"

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. டி480-இல் டிரைவுக்கென்று இருப்பது ஒரே இடம்தான். அந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா (பழைய இணைப்பு முறை) டிரைவ் இருக்கலாம், அல்லது ஒரு அடாப்டர் தகட்டின் மேல் எம்.2 (மெல்லிய பட்டை வடிவம்) என்விஎம்இ (வேகமான புது இணைப்பு முறை) டிரைவ் இருக்கலாம். ஒன்று இருந்தால் இன்னொன்றுக்கு இடமில்லை. கடைக்காரர் சொல்வது இதைத்தான். நண்பர் சொல்வது சிம் கார்டு மோடத்துக்காக வைத்த சின்ன ஸ்லாட்டை. நம் ஊருக்கு வரும் ரீஃபர்பிஷ்டு மெஷின்களில் பெரும்பாலும் அந்த மோடம் இருக்காது, ஸ்லாட் காலியாகவே இருக்கும். அதில் எஸ்எஸ்டி வேலை செய்யும். ஆனால் எந்த எஸ்எஸ்டியும் அல்ல. பணம் வீணாவது இங்கேதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

எம்.2 டிரைவ்களின் அகலம் எல்லாவற்றுக்கும் 22 மிமீ. நீளம்தான் வேறுபடும். 2280 என்றால் 80 மிமீ, 2242 என்றால் 42 மிமீ. கடைகளில் தயாராக வைத்திருப்பது பெரும்பாலும் 2280. உங்கள் சின்ன ஸ்லாட்டில் 2242 மட்டுமே அடங்கும். அது முதல் நிபந்தனை.

இரண்டாவது, டிரைவின் தங்கப்பூச்சு முனையில் இருக்கும் வெட்டு. இந்த ஸ்லாட் 'பி கீ' வகை. இப்போது வரும் வேகமான என்விஎம்இ டிரைவ்களில் ஒரே வெட்டுதான் இருக்கும், அது 'எம் கீ'. அதை இந்த ஸ்லாட்டில் செருகவே முடியாது, அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். உங்களுக்கு வேண்டியது இரண்டு வெட்டுகள் உள்ள 'பி பிளஸ் எம் கீ' டிரைவ்.

மூன்றாவது நிபந்தனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டு வெட்டு உள்ள 2242 டிரைவ்களில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாட்டா வகையும் டி480-இன் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், திருகும் போடலாம், ஆனால் மெஷின் அதைக் கண்டுகொள்ளாது. லேபிளிலோ பெட்டியிலோ என்விஎம்இ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். "எம்.2 தான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி எடுத்துக்கொள்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தச் சின்ன ஸ்லாட்டுக்கு பிசிஐஇ லேன், அதாவது டேட்டா ஓடும் பாதை, இரண்டுதான் வருகிறது. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் 3,500 எம்பி மாதிரி எண்கள் இங்கே கிடைக்காது. ஆனாலும் நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பியோடு நின்றுவிடும் சாட்டாவைவிட இது வேகம்தான். உங்கள் கேமரா கார்டு யுஎச்எஸ்-1 வகையாக இருந்தால் அந்த முறையின் உச்சமே நொடிக்கு 104 எம்பி. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் கார்டிலிருந்து காப்பி ஆகும் நேரம் குறையாது.

எவ்வளவு ஜிபி வேண்டும்? 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் (கேமரா பதிவுசெய்யும் மூலக் கோப்பு) 25 முதல் 30 எம்பி வரும். ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால் 50, 60 ஜிபி. 256 ஜிபி டிரைவை விண்டோஸ் 238 என்றுதான் காட்டும், அதில் விண்டோஸும் சாஃப்ட்வேரும் போக மூன்று கல்யாணம் என்று நீங்கள் சொல்வது கணக்குக்குச் சரியாகவே வருகிறது. 512 ஜிபி போட்டால் இன்னும் ஏழெட்டு கல்யாணம் தாங்கும். இந்த அளவில் 1 டிபி கிடைப்பது சிரமம், கிடைத்தால் வாங்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் இப்போது இருக்கும் எஸ்எஸ்டியின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது, ஆயுள் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும். ஏதோ ஒரு கம்பெனி அலுவலகத்தில் வருடக்கணக்கில் ஓடிய டிரைவ் அது. சில மெஷின்களில் நல்ல டிரைவைக் கழற்றிக்கொண்டு பெயர் தெரியாத ஒன்றைப் போட்டு விற்பவர்களும் உண்டு. ஆயுள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால், கடைக்காரர் சொன்ன யோசனைதான் உங்களுக்குச் சரி: முக்கிய டிரைவையே 1 டிபிக்கு மாற்றிவிடுங்கள், விண்டோஸை க்ளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, தரச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அதைத் தொடாமல் 2242 போடுங்கள். விண்டோஸ் அதன் இடத்தில் அப்படியே இருக்கும் என்பது இதில் பெரிய நிம்மதி.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். டி480-கள் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைதான், பிரச்சினை இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு 6ஆம் தலைமுறை மெஷினுக்குப் புது டிரைவ் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கவும்.

திறந்து மாட்டுகிற வேலை கஷ்டமில்லை. கடையின் வாரண்டி இன்னும் இருக்கிறது, மூடியில் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறார்கள் என்றால் அவர்களிடமே கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால், முதலில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று விண்டோஸ் செட்டிங்ஸில் பாருங்கள். ஓடினால் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், அந்தப் பூட்டைத் திறக்கும் ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ரீஃபர்பிஷ்டு மெஷினில் இது ரொம்ப முக்கியம். கடைக்காரர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தால், கீ அவர் கணக்கில் இருக்கும், உங்களிடம் இருக்காது.

டி480-இல் இரண்டு பேட்டரி. பின்னால் கழற்றக்கூடியது ஒன்று, உள்ளே ஒன்று. மெஷினை ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய், கான்ஃபிக், பவர் என்ற வரிசையில் உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கிறது. அதைக் கொடுத்ததும் மெஷின் அணைந்துவிடும். மறுபடி சார்ஜர் செருகினால்தான் எழும், பயந்துவிடாதீர்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா? பழைய கம்பெனி போட்ட பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். வாங்கிய கடைக்கு எடுத்துப்போய் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள், அது அவர்கள் வேலை.

பிறகு வெளி பேட்டரியைக் கழற்றி, அடிமூடியின் திருகுகளைத் தளர்த்துங்கள். அவை மூடியோடே நிற்கும், தனியாக வராது. ஓரங்களில் உள்ள கொக்கிகளை விடுவிக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று போதும். நிலைமின்சாரம் என்று ரொம்பப் பயமுறுத்துவார்கள். டெல்டாவின் ஈரக்காற்றில் அது குறைவுதான். இருந்தாலும் முதலில் ஒரு உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு உட்காருங்கள். வியர்வைதான் நமக்குப் பெரிய தொல்லை, போர்டின் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, முனையில் ஒரு சின்னத் திருகு போட வேண்டும். அந்தத் திருகு பெரும்பாலான ரீஃபர்பிஷ்டு மெஷின்களில் இருக்காது. டிரைவ் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், திருகில்லாமல் மூடாதீர்கள். பக்கத்தில் மோடத்துக்கான ஆண்டெனா ஒயர்கள் தொங்கினால் முனையில் டேப் ஒட்டி ஓரமாக ஒதுக்குங்கள். திறந்தது திறந்தாயிற்று, ஃபேனையும் சுத்தம் செய்துவிடுங்கள். தை அறுவடை நேரத்துத் தூசி டெல்டாவில் எந்த லேப்டாப்பையும் விடுவதில்லை. ஊதும்போது இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் எழுந்ததும் புது டிரைவ் தானாக மை கம்ப்யூட்டரில் தெரியாது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போனால், இனிஷியலைஸ் செய்யச் சொல்லும். ஜிபிடி, என்டிஎஃப்எஸ் இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரு எழுத்து கொடுங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால், மெஷினை ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி வரும் பட்டியலில் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் சரியாக உட்காரவில்லை, அல்லது நான் மேலே சொன்ன சாட்டா வகையை வாங்கிவிட்டீர்கள். லைட்ரூம் என்ற போட்டோ சாஃப்ட்வேர் பயன்படுத்தினால், அதன் கேட்டலாக் (படங்களின் பட்டியல் கோப்பு) பழைய டிரைவிலேயே இருக்கட்டும், ரா படங்களை மட்டும் புதியதற்கு மாற்றுங்கள். அந்த நகர்த்தலை லைட்ரூமுக்குள்ளிருந்தே செய்யுங்கள், வெளியே செய்தால் படங்களைக் காணோம் என்று கேள்விக்குறி காட்டும்.

வேறு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்பி எலைட்புக் 840 ஜி3-இல் எம்.2 இடமும் 2.5 அங்குல இடமும் இரண்டுமே உண்டு. ஆனால் 2.5 அங்குல டிரைவுக்கான கேபிளும் பிடிமானத் தகடும் ரீஃபர்பிஷ்டில் பல சமயம் காணாமல் போயிருக்கும், டிரைவுக்கு முன்னால் அதைத் தேடுங்கள். சில டெல் லாட்டிட்யூடுகளில் பெரிய பேட்டரி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். டிவிடி டிரைவ் உள்ள பழைய மாடல் என்றால் அதை எடுத்துவிட்டு காடி (அந்த இடத்தில் டிரைவைப் பொருத்தும் சட்டம்) போடலாம். 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்து வாங்குங்கள். அதில் ஹார்டு டிஸ்க் போட்டு பைக்கில் தூக்கிக்கொண்டு அலைவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டாவது டிரைவ் வந்துவிட்டது, படங்கள் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். லேப்டாப் திருடு போனாலும் நனைந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் ஓடும் கூரையும் பறந்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆல்பம் டெலிவரி ஆகும்வரை ஒவ்வொரு கல்யாணத்தின் ரா படங்களும் வெளி டிரைவ் ஒன்றிலும் இருக்க வேண்டும், அந்த டிரைவ் ஸ்டூடியோவில் இல்லாமல் வேறு வீட்டில் இருக்க வேண்டும். மாட்டுகிற வேலையை ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இருக்காது, ஏதாவது தகராறு செய்தாலும் சரிபார்க்க நேரம் கிடைக்கும்.