காரில் வயர்லெஸ் சார்ஜிங் பேடில் வைத்த போன் கொதிக்கிறது, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் அறுந்துபோகிறது

பேடை விட்டுவிட்டு கேபிளில் சார்ஜ் போட்டு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் சூடு ஒன்றே காரணமாக இருக்கலாம்.

போனின் மேப், பாட்டு போன்றவற்றைக் காரின் திரைக்குக் கொண்டுவருவது ஆண்ட்ராய்டு ஆட்டோ. கேபிள் இல்லாமல் வயர்லெஸாக ஓடும்போது இணைப்பைப் புளூடூத் தொடங்கி வைக்கும். அப்புறம் பெரும்பாலும் வைஃபைதான். கூடவே ஜிபிஎஸ், மொபைல் டேட்டா. அடியில் பேடின் சூடு வேறு. பாவம், போன் என்ன செய்யும்? சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டோ இணைப்பும் அறுந்துபோகலாம்.

கேபிளை 12 வோல்ட் சாக்கெட் சார்ஜரில் செருகுங்கள். காரின் திரையோடு இணைந்த டேட்டா யுஎஸ்பியில் செருகினால் ஆண்ட்ராய்டு ஆட்டோ வயர்லெஸை விட்டுக் கேபிளுக்கே மாறிவிடலாம், சோதனை வீண்.

பேடுதான் வேண்டுமென்றால் கவரைக் கழற்றி நடுவில் வையுங்கள். திருப்பத்தில் ஒரு விரற்கடை நழுவினாலும் பேடிலும் போனிலும் உள்ள காயில்கள் (சார்ஜைக் கடத்தும் கம்பிச்சுருள்கள்) ஒன்றுக்கொன்று விலகிச் சூடு ஏறும். கவரில் காந்தத் தகடு ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள்.

ஒன்று: போனின் முதுகு உப்பியிருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், சார்ஜே போடாதீர்கள்.